பிரிசேயிஸ் பேசும் இடம்

ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டில் 15,000-க்கும் மேற்பட்ட அடிகள் இருக்கின்றன. கிரேக்கப் படையின் மாவீரன் அகில்லீசும் தலைவன் அகமெம்னோனும் மோதிக்கொள்வதே, போரில் சிறைபிடிக்கப்பட்ட பிரிசேயிஸ் என்ற பெண் யாருக்கு என்பதற்காகத்தான். ஆனால் அவள் பேசுவது ஒரே ஒரு முறை, அதுவும் 19-ஆம் பகுதியில். வெறும் 14 அடிகள்.

கல்லூரியில் பண்டைய இலக்கியம் நடத்துகிறேன். இந்தக் கதையை அவள் பார்வையில் எழுதிவரச் சொன்னால், மாணவர்களில் பலர் அவள் கையில் கத்தியைக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் அவளை அகில்லீஸ்மேல் காதல்கொள்ள வைப்பார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பாது. அதனால் முதலில் அந்த 14 அடிகளை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.

அகில்லீசின் உயிர்த்தோழன் பத்ரோக்ளசின் பிணத்தின்மேல் விழுந்து அவள் அழுகிறாள். கணவன் ஊர்வாசலில் வெட்டுண்டு கிடந்ததைப் பார்த்தவள். உடன்பிறந்த மூன்று பேரும் அதே நாளில் போனார்கள். கணவனைக் கொன்றவன் அகில்லீஸ். 'அழாதே, அவனுக்கே உன்னை முறைப்படி மணமுடித்து வைக்கிறேன்' என்று ஆறுதல் சொன்னவன் பத்ரோக்ளஸ். அதைத்தான் அவள் அன்பு என்று நினைவுகூர்கிறாள். எழுத வேண்டியது இந்த இடத்தைத்தான் என்பேன். கொன்றவனுக்கே மனைவியாவது நல்வாய்ப்பாகத் தெரிகிறது என்றால், அவள் முன்னால் வேறு என்னென்ன வழிகள் இருந்திருக்கும்?

அடுத்த அடியில் ஹோமர் இன்னொன்றும் சொல்கிறார். சுற்றியிருந்த பெண்களும் அழுதார்கள். பத்ரோக்ளஸ் ஒரு சாக்கு, ஒவ்வொருத்தியும் அழுதது தன் துயரத்துக்கு. "மேடம், அழுறதுக்கே ஒரு சாக்கு வேணுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அப்புறம் அவள் பிரிசேயிஸை விட்டுவிட்டு, அந்தப் பெயரில்லாப் பெண்களில் ஒருத்தியாக எழுதினாள். நான் படித்த பயிற்சிகளிலேயே அதுதான் சிறந்தது.

இன்றைய பெண்ணியத்தைப் பழங்கதையில் திணிக்கிறோம் என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. ஏதென்ஸ் நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ், போரில் தோற்ற ட்ராய் நகரப் பெண்களையே மேடையில் பேச வைத்தது கி.மு. 415-இல். அதற்குச் சற்று முன்புதான் ஏதென்ஸ் படை மெலோஸ் தீவின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. பார்வையாளர்களுக்கு அது பழங்கதையாக மட்டும் இருந்திருக்காது.

அடுத்து ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 22-ஆம் பகுதியை எடுக்கப் போகிறேன். நாடு திரும்பிய ஒடிசியஸ், தன் மனைவியை மணக்கக் காத்திருந்தவர்களைக் கொல்கிறான். அவன் வீட்டு அடிமைப் பெண்கள் 12 பேரை முதலில் அந்தப் பிணங்களைச் சுமக்கவும் மேசைகளைக் கழுவவும் வைத்து, பிறகு கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு சொல்கூடத் தரப்படவில்லை. அந்த வீட்டு அடிமைப் பெண் மெலாந்தோ முந்தைய பகுதிகளில் வாய்த்துடுக்காகப் பேசுகிறாள். சரி, அந்தப் பேச்சிலிருந்தே தொடங்கலாம் என்றிருக்கிறேன்.