‘லா’வும் ‘ஸ’வும் ஒரே சுரம்

நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் இடையில், கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கும் காசு வாங்கிப் பாடும் எட்டுப் பேர் குழு ஒன்றைச் சேர்க்கிறவர், குரலைக் கேட்பதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்கே பாடிப் பழகினீர்கள்? பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ் என்று இரண்டிரண்டு பேரை நிறுத்துவது அரைமணி நேர வேலை. அவரவர் பழகி வந்த இடம் ஒத்திகையில் என்ன தரும், எதைக் கெடுக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு வருடமாவது ஆகும்.

இந்தப் பக்கம் பாடகர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தென்திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் சபைகள் வளர்ந்தன. பாமாலையும் கூடவே வளர்ந்தது. கத்தோலிக்கரிலோ லத்தீன், மலங்கரை, மலபார் என மூன்று வழிபாட்டு முறையும் கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. மார்த்தாண்டம், தக்கலை இரண்டும் 1996-இல் தனி மறைமாவட்டங்கள் ஆயின. திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி பஸ் ஏறிப் போய்வரும் தூரம்தான். கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு இன்னும் ஓயவில்லை. எட்டுப் பேரைச் சேர்த்தால் இவற்றில் நாலைந்து வழிகளாவது ஒரே அறைக்குள் வந்துவிடும்.

முதல் சண்டை சுரத்தின் பெயரில் வரும். பழைய சபைப் பாடகர் குழுவில் வளர்ந்தவருக்கு டானிக் சோல்ஃபா கைவந்த வித்தை. டோ, ரே, மி என்ற எழுத்துகளையும் இடையிடையே உள்ள புள்ளிகளையும் பார்த்தே நான்கு குரலில் எதையும் பாடிவிடுவார். சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் கவலைப்படமாட்டார், ‘டோ’ எங்கே நகர்கிறதோ அங்கே அவரும் நகர்வார். கர்நாடக சங்கீதம் படித்தவருக்கும் ‘ஸ’ அப்படித்தான். அதனால் மேஜர் பாட்டில் (டோவே ஆதாரச் சுரமான பாட்டு) இருவரும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப் போவார்கள். லா ஆதாரமான மைனர் பாட்டு வந்தால்தான் வம்பு.

டி மைனரில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்வோம் (டி, ஈ, எஃப், ஜி எல்லாம் கீபோர்டு சுரங்களின் ஆங்கில எழுத்துப் பெயர்கள்). சோல்ஃபாக்காரருக்கு எஃப்தான் டோ, ஆகவே டி என்பது ‘லா’. கர்நாடக சங்கீதக்காரருக்கு அது நடபைரவி ராகம், அதே டி அவருக்கு ‘ஸ’. நடத்துகிறவர் “ரியில் நிறுத்துங்க” என்றால் ஒருவர் ஈயில் நிற்பார், மற்றவர் ஜியில். இரண்டும் சேர்ந்தால் இனிமையாக வேறு ஒலிக்கும். பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது, அடுத்த வரியில்தான் எல்லாம் சரியும். அதனால் மைனர் பாட்டுகளின் ஒத்திகையில் சுரப் பெயர் சொல்வதையே விட்டுவிடுவது நல்லது. பாட்டு வார்த்தையைச் சொல்லி, கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

அடுத்தது கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது. சங்கராபரண ராகத்தில் நிஷாதத்தை (‘நி’) மேல் ஸட்ஜத்தை (‘ஸ’) நோக்கி அசைத்தே பாடிப் பழகியது கர்நாடக சங்கீதக்காரரின் தொண்டை. நான்கு குரல் அமைப்பில் ஐந்தாம் கார்டின் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நடுச்சுரமாக அதே நிஷாதம் வரும்போது அசையாமல் நிற்கவேண்டும். அசைந்தால் மற்ற மூன்று குரல்காரர்களும் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவார்கள். “கமகம் வேண்டாம்” என்று சொன்னால் அவர் முகம் வாடும், குரலும் வாடும். “கார்வை குடுங்க” என்று கேட்டால் கம்பி மாதிரி நிறுத்திக் கொடுப்பார். அவர் படித்ததிலேயே அதற்குச் சொல் இருக்கும்போது நாம் ஏன் வேறு சொல் தேடவேண்டும்?

அவரிடமிருந்து குழுவுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அவர் காது. தம்புராவின் ஸட்ஜத் தந்தியிலேயே அந்தர காந்தாரம் (ஸட்ஜத்திலிருந்து மூன்றாவது சுரமான ‘க’) கேட்கும். அது கீபோர்டு காந்தாரத்தைவிடச் சுமார் 14 சென்ட் தாழ்ந்தது (அரைச்சுரம் ஒன்றுக்கு 100 சென்ட்). கீபோர்டோடு பாடும்போது அவர் லேசாகத் தாழ்வது போலத் தோன்றும். கீபோர்டை நிறுத்திவிட்டு எட்டுப் பேர் மட்டும் பாடினால் அவர் வைக்கும் காந்தாரத்தில்தான் கார்டு மணி போல் ஒலிக்கும். வாத்தியம் இல்லாத பாட்டில் காந்தாரத்தை அவரிடம் விட்டுவிடலாம்.

சங்கீதம் படித்த பெண்களை எங்கே நிறுத்துவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். குரல் மெல்லியதாக இருக்கிறது என்று சோப்ரானோவில் போட்டுவிடுகிறார்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு ஸட்ஜம் நடு சிக்குக் கீழே உள்ள ஜி. மேல் பஞ்சமம் வரை போனாலும் எட்டுவது டி. பாமாலை ராகங்களில் சோப்ரானோ ஈ, எஃப் வரை ஏறும். அங்கே தலைக்குரல் வேண்டும். பயிற்சியில் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். கத்திப் பாடி இரண்டாம் சரணத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆல்ட்டோ அவருக்குச் சொந்த வீடு. பேஸிலும் இதே போன்ற கணக்குதான். இங்கே கிடைக்கும் ஆண் குரல்கள் பெரும்பாலும் தாழ்ந்த ஜியோடு நின்றுவிடும், பாட்டோ எஃப் கேட்கும். ஒரு சுரம் ஏற்றலாம் என்றால் சோப்ரானோ எஃபிலிருந்து ஜிக்குப் போகவேண்டியிருக்கும். பேஸ்காரருக்கு அந்த ஒரு சுரத்தை மட்டும் மேல் ஸ்தாயியில் எழுதிக் கொடுப்பதே இதில் குறைந்த நஷ்டம்.

பெந்தெகொஸ்தே ஆராதனையில் பாடி வந்த இளைஞர்கள் தாளை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். மெட்டைக் கேட்ட உடனே மேலே ஒரு தேர்டு (அதிலிருந்து மூன்றாவது சுரம்) போடுவார்கள். அது ஒரு வரம்தான். ஆனால் பாமாலையில் ஆல்ட்டோ மூன்று நான்கு சுரத்துக்கு ஒரே பஞ்சமத்தில் நிற்கும் இடங்கள் நிறைய. அங்கே இவர்கள் மெட்டின் பின்னால் ஏறிப் போய்விடுவார்கள். ஆல்ட்டோ வரியைத் தனிப் பாட்டாகப் பதிவு செய்து கொடுத்து, மெட்டைக் காதில் விழாமல் வைத்து இரண்டு நாள் படிக்கச் சொன்னால் பலன் உண்டு. மலங்கரைத் திருப்பலியில் வளர்ந்தவர்களோ எட்டு நிறங்களில் (மெட்டு வகைகளில்) சுரியானி மெட்டுகளை வார்த்தையின் போக்கில் பாடிப் பழகியவர்கள். திருப்பாடல் வாசகத்தை அவர்களை நம்பிக் கொடுக்கலாம், தாள எண்ணிக்கையை நம்பிக் கொடுக்கக் கூடாது.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடியவர் இரண்டு மணி நேரம் பாடினாலும் களைக்கமாட்டார், தாளமும் இம்மி பிசகாது. அண்ணாவி (முன்னே பாடுகிறவர்) பாடிய வரியை வாங்கிப் பாடுவதே அவர் தொழில். ஆகவே எல்லாரும் ஒன்றாக எடுக்கும் இடத்தில் ஒரு நூல் பிந்தி வருவார். அவரை நடத்துகிறவரின் கண்ணுக்கு நேரே நிறுத்தி, முதல் மூச்சை எல்லாரும் சேர்ந்து இழுக்கப் பழக்கினால் அந்தப் பிந்தல் போய்விடும்.

எழுத்து விஷயம் ஒன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம். இன்றும் கேரள எல்லையில் உள்ள பாறசாலையிலிருந்து வருகிறவர் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில்தான் எழுதிக்கொள்வார். ‘கங்கை’யின் முதல் ககரத்தை எப்படி ஒலிப்பது என்று அதில் தெளிவாக இருக்கும், தமிழ் எழுத்தில் அந்தத் தெளிவு கிடையாது. ஆனால் நகரத்துக்கும் னகரத்துக்கும் மலையாளத்தில் ஒரே எழுத்து. ‘காற்று’, ‘வெற்றி’ போன்றவற்றில் ற்ற-வை அவர் நாக்கை ஒற்றி எடுத்துச் சொல்வார், மற்றவர்கள் ட்ர என்று உருட்டுவார்கள். எட்டுப் பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் மைக்கில் சரளைக் கல் கொட்டுவது போல் கேட்கும். எது என்று ஒத்திகையின் முதல் நாளே முடிவு செய்துவிடவேண்டும்.

டிசம்பரில் யாராவது ஒருவர் வளைகுடா விசா வந்து கிளம்பிவிடுவார், இல்லையென்றால் சொந்தச் சபையின் கேரல் ரவுண்ட்ஸ் (வீடுவீடாகப் போய்ப் பாடுவது) என்று கையை விரிப்பார். மாற்று ஆள் தேடும்போது ஆல்ட்டோவுக்கு ஓர் ஆல்ட்டோ கிடைத்தால் போதாது. போனவர் சோல்ஃபா தாள் பார்த்துப் பாடியவர் என்றால் வருகிறவரும் தாள் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். கேட்டுப் பிடிக்கிறவர்தான் கிடைத்தார் என்றால் பதிவை அன்று இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும், இரண்டு ஒத்திகை கூடுதலாக வைக்கவேண்டும். அந்தச் செலவையும் கல்யாண வீட்டாரிடம் பேசும் தொகையிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிட வேண்டும்.