உள்ள இருக்கறவங்களோட பிள்ளைங்க

சிறையில இருக்கறவங்களோட பிள்ளைங்களுக்காக வேலை பாக்குறேன்னு சொன்னதும் பெரும்பாலும் வர்ற மொத கேள்வி, "அந்தப் பிள்ளையோட அப்பா என்ன கேஸ்ல உள்ள போனாரு?" கல்யாண வீட்டுல கேட்டுருக்காங்க, ஸ்கூல் ஸ்டாஃப் ரூம்ல கேட்டுருக்காங்க, அரசு ஆபீஸ்லயும் கேட்டுருக்காங்க. நான் சொல்றதில்ல. அது அப்பாவோட கேஸ், பிள்ளையோடது இல்ல. பிள்ளை எத்தனாவது படிக்குது, இப்ப யாரு கூட இருக்கு, ராத்திரி ஒழுங்கா தூங்குதா, இதைக் கேட்டா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்.

பாளையங்கோட்டை மத்திய சிறையில இருக்கறவங்களோட குடும்பங்களுக்காக வேலை செய்யுற ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல இருக்கேன். எங்க பிள்ளைங்க திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசின்னு சிதறிக் கிடக்காங்க. இவங்க மொத்தம் எத்தனை பேருன்னு கேட்டா பதில் எங்கயும் கிடையாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் சிறை புள்ளிவிவரம் போடுது, 2022 கடைசில நாடு முழுக்க சுமார் 5.73 லட்சம் பேர் உள்ள இருந்தாங்க, அதுல முக்காவாசி பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிங்க. அம்மா கூட சிறைக்குள்ளயே வளர்ற குழந்தைங்க 1,764 பேருன்னு ஒண்ணு விடாம எண்ணிருக்காங்க. ஆனா வெளில, ஆச்சி வீட்டுலயும் சித்தி வீட்டுலயும் இருக்கற பிள்ளைங்களுக்கு அதுல ஒரு வரி கூட இல்ல. ரிமாண்ட் பண்ணும்போதே "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா, இப்ப யாரு பாத்துக்கறா"ன்னு கேட்டு எழுதிட்டா பாதி வேலை முடிஞ்சுரும், இதை நான் போற கூட்டத்துல எல்லாம் சொல்லிட்டு இருக்கேன்.

கணக்கு இல்லாததால ஒவ்வொரு பிள்ளையையும் நாங்களா தேடித்தான் கண்டுபிடிக்கணும். பெரும்பாலும் அந்த அப்பாவே சிறை நல அலுவலர்கிட்ட அட்ரஸ் குடுத்து "புள்ளைங்களை யாராவது போய் பாத்துட்டு வாங்க"ன்னு கேப்பார். தெருவுல நின்னு விசாரிக்க மாட்டோம், வாசல்ல வச்சு ஜெயிலுங்கற வார்த்தையே வாயில வராது, படிப்பு விஷயமா வந்துருக்கோம்னு சொல்லிட்டு உள்ள போய் உக்காந்த பிறகுதான் மத்த பேச்சு.

உள்ள போனா முக்காவாசி வீட்டுல ஒரே கதைதான், அப்பா துபாய்ல இருக்கார், இல்லன்னா கேரளாவுல வேலை, லீவு கிடைக்கல. ஆச்சி நம்ம கையைப் பிடிச்சுக்கிட்டு "பிள்ளைக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சா தாங்காது"ன்னு மெதுவா சொல்லும். நான் பாத்த வரைக்கும் ஏழெட்டு வயசுக்கு மேல எந்தப் பிள்ளைக்கும் தெரியாம இருந்ததில்ல. ராத்திரி போலீஸ் வந்ததை அது பாத்துருக்கும், ஸ்கூல்ல எவனோ ஒருத்தன் சொல்லிருப்பான், இல்லன்னா யாரோட ஃபோன்லயோ அப்பா ஃபோட்டோவோட நியூஸையே பாத்துருக்கும். ஆச்சி அழுவுமேன்னு பிள்ளை மறைக்குது, பிள்ளை அழுவுமேன்னு ஆச்சி மறைக்குது, ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியா சுமந்துட்டு இருக்காங்க. அதனால இந்த வேலைல எனக்கு ஒரு விஷயத்துல சந்தேகமே கிடையாது, பணம், புத்தகம், ஸ்கூல் அட்மிஷன் எல்லாத்துக்கும் முன்னாடி பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லணும்.

அதையும் நாங்க சொல்லக்கூடாது, ஆச்சியோ அம்மாவோதான் சொல்லணும், நாங்க பக்கத்துல உக்காந்துருப்போம். சின்னப் பிள்ளைக்கு நீளமா விளக்க வேண்டாம். அப்பா ஜெயில்ல இருக்கார், அங்க சாப்பாடு குடுக்கறாங்க, அவர் போனதுக்கு நீ காரணம் இல்ல. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாம விடவே கூடாது. ஒரு பையன், நாலாங்கிளாஸ் இருப்பான், மாசக்கணக்கா யாரு கூடவும் சரியா பேசாம இருந்தவன், எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு ரொம்ப நேரம் கழிச்சுச் சொன்னான், "போலீஸ் வந்தப்ப கதவைத் திறந்தது நான்தான்". அவ்வளவு நாளும் அதை மனசுல வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போய் வந்துருக்கு. இப்படி ஒண்ணு உள்ள இருக்குன்னு துபாய் கதை சொல்லிக்கிட்டே இருந்த வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்க வழியே இல்ல.

சொன்ன உடனே பிள்ளைங்க கேக்குறது நாம நினைக்கற கேள்வி இல்ல. அங்க ஃபேன் இருக்கா, அடிப்பாங்களா, தீபாவளிக்குப் புது டிரெஸ் குடுப்பாங்களான்னுதான் கேக்கும். இதுக்கெல்லாம் பதில் சொல்லிரலாம், கஷ்டமானது "எப்ப வருவாரு?" விசாரணைக் கைதின்னா யாராலயும் தேதி சொல்ல முடியாது, வாய்தா மேல வாய்தா போகும், ஜாமீன் கிடைச்சாலும் ஜாமீன்தாரர் கிடைக்காம உள்ளயே கிடக்கறவங்க இருக்காங்க. குண்டாஸ்ல, அதாவது குண்டர் தடுப்புச் சட்டத்துல போட்டுருந்தா அதிகபட்சம் 12 மாசம்னு ஒரு எல்லையாவது இருக்கு, காலண்டர்ல காட்டி "இதுக்குள்ள"ன்னு சொல்லலாம், தப்பா நினைக்காதீங்க, பிள்ளைக்கு அந்த எல்லை ரொம்பப் பெரிய விஷயம். ஆயுள் தண்டனைன்னா செப்டம்பர்தான் எங்களுக்குக் கஷ்டமான மாசம், அண்ணா பிறந்தநாள் விடுதலை லிஸ்ட்ல அப்பா பேரு இருக்குமான்னு சின்னப் பிள்ளை கூட கேக்கும். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, தெரிஞ்ச அடுத்த தேதியைச் சொல்லுவோம். அடுத்த வாய்தா இந்தத் தேதி, அடுத்து மனு பாக்கப் போறது, அதாவது சிறைக்குப் போய் அப்பாவைப் பாக்கறது, இந்தத் தேதி. மனு பாக்கற அந்தத் தேதி மாறவே கூடாது.

மனு பாக்கப் போறதுன்னா ஒரு நாள் முழுசா போயிரும். ஸ்கூலுக்கு லீவு, பஸ் காசு, ஆதார் நகல், வாசல்ல காத்துக் கிடக்கணும், கூட்டிட்டுப் போற அம்மாவுக்கு அன்னைக்குக் கூலி கிடையாது. சில சிறைகள்ல இப்ப கண்ணாடியும் இன்டர்காமும் வச்சுருக்காங்க, கம்பி வலையா இருந்தா அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க, பிள்ளை மிரண்டு போய் ஒரு வார்த்தை பேசாது. வெளில வந்ததும் "ஏன்டா பேசல"ன்னு திட்டாதீங்கன்னு முன்னாடியே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி வச்சுருவோம். அப்பாகிட்டயும் பேசணும். எல்லா அப்பாவும் "ஒழுங்கா படிக்கியா, அம்மா சொல்ற பேச்சைக் கேக்கியா"ன்னு ஆரம்பிச்சு பாதில அழுதுருவாங்க, பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒண்ணுமே இருக்காது. "கிளாஸ்ல உன் பக்கத்துல யாரு உக்காருறா"ன்னு கேளுங்கண்ணேன்னு சொல்லிக் குடுப்போம், அப்படிக் கேட்டா பிள்ளை தானா பேச ஆரம்பிக்கும்.

இதெல்லாம் அப்பா மேல ஆசை இருக்கற பிள்ளைக்கு. அம்மாவைக் கொன்னுட்டு அப்பா உள்ள போன வீடுகளும் எங்க லிஸ்ட்ல இருக்கு, அங்க நிலைமையே வேற. பிள்ளை அம்மா வழி ஆச்சி கூட இருக்கும், அந்த ஆச்சி தன் மகளைப் பறிகொடுத்தவங்க, அவங்ககிட்ட போய் அப்பாவைப் பாக்கக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேக்கற தைரியம் எனக்கு இல்ல, கேக்கவும் கூடாது. அப்பா உள்ள இருந்து லெட்டர் போடுவார், ஒரு தடவை பாக்கணும்னு கெஞ்சுவார். அந்த லெட்டரைப் பத்திரமா எடுத்து வைப்போம், பிள்ளை வளந்து தானா கேட்டா குடுப்போம், அது கேக்கற வரைக்கும் யாரும் இழுத்துட்டுப் போகக்கூடாது. அதே சமயம் அப்பா பேரை வீட்டுல எடுக்கவே கூடாதுன்னும் வைக்காதீங்கன்னு சொல்லுவேன். சில பிள்ளைங்களுக்கு அவர் மேல கோவமும் இருக்கு, ஆசையும் இருக்கு, ரெண்டையும் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்.

அம்மாவே உள்ள இருந்தா 6 வயசு வரைக்கும் குழந்தை அவங்க கூடவே இருக்கலாம். 2006ல ஆர்.டி. உபாத்யாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதுக்கெல்லாம் வழிமுறை சொல்லிருக்கு, பிறப்புச் சான்றிதழ்ல சிறைன்னு வரக்கூடாது, வெளில அனுப்பின பிறகு வாரம் ஒரு தடவையாவது அம்மாவைப் பாக்க வழி பண்ணணும். ஆனா 6 வயசுக் குழந்தையை திடீர்னு ஒரு நாள் வெளில கொண்டு வந்தா அதுக்கு அம்மாவும் இல்ல, தெரிஞ்ச இடமும் இல்ல. வளர்க்கப் போற சித்தியோ ஆச்சியோ பல மாசம் முன்னாடியே வந்து வந்து பழகியிருக்கணும்.

பணம் எங்கே கிடைக்கும்னு கேக்கறவங்களுக்கு. 2025 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச அன்புக் கரங்கள் திட்டத்துல, பெத்தவங்கள்ல ஒருத்தர் இறந்து இன்னொருத்தர் சிறையில இருந்தா 18 வயசு வரைக்கும் மாசம் 2,000 ரூபாய் கிடைக்கும். அம்மா உயிரோட இருந்து அப்பா மட்டும் உள்ள இருந்தா அதுல வராது, அவங்க மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுல நிதி ஆதரவுக்கு எழுதிக் குடுத்துப் பாக்கலாம், மாசம் 4,000, குடும்ப வருமானம் கிராமத்துல வருஷத்துக்கு 72,000, மத்த இடத்துல 96,000 தாண்டக்கூடாது. ரெண்டுக்கும் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல போய் கேக்கணும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் கேப்பாங்க, இதுல ஏதாவது ஒண்ணு கண்டிப்பா அப்பா பேருல மாட்டிக்கிட்டு நிக்கும், அதனால மனு பாக்கப் போறப்பவே என்னென்ன பேப்பர் எங்க இருக்குன்னு அவர்கிட்ட கேட்டு எழுதிக்கோங்க.

டீச்சர்ஸ் யாராவது இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். ஒரு பிள்ளை திடீர்னு பத்து நாள் வரலன்னா, திரும்பி வரும்போது கிளாஸ் நடுவுல வச்சு "அப்பாவைக் கூட்டிட்டு வா"ன்னு சொல்லாதீங்க. தனியா கூப்பிட்டு "வீட்டுல யாரு வர முடியும்"னு கேளுங்க, ஆச்சி வந்து கைநாட்டு வச்சா ஏத்துக்கோங்க. வீட்டுல பாத்துக்க ஆளே இல்லன்னு தெரிஞ்சா அன்னைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு ஃபோன் போடுங்க, கேஸ் என்னன்னு அவங்களும் உங்ககிட்ட கேக்க வேண்டிய அவசியம் இல்ல.