வே ஆற்றில் நான்கு நாள்

12 ஜூலை 2024, வெள்ளி

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டம். கோடால்மிங் ஊரை ஒட்டி வாடகைப் படகில் ஏறினோம்: நான், மனைவி, மகள். இங்கிருந்து வேபிரிட்ஜில் தேம்ஸைச் சேரும்வரை வே ஆற்றில் படகு ஓடும் தூரம் சுமார் 32 கிலோமீட்டர்தான். கரையில் நாயோடு நடக்கிறவர் எங்களைத் தாண்டிப் போகிறார். எனக்கு இந்த வேகம் பிடித்துவிட்டது. 1881இல் கோடால்மிங் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது இந்த ஆற்றுத் தண்ணீர் சுழற்றிய சக்கரத்தால்தான்.

அன்ஸ்டெட் லாக்கில் பயந்துவிட்டேன். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி. படகு உள்ளே போனதும் மேல்கதவை மூடி, கீழ்க்கதவின் மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் கூடவே இறங்கும். நான் பின்கயிற்றைக் கரைக் கட்டையில் இறுக முடிச்சுப் போட்டிருந்தேன். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு விறைத்து, படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த படகுக்காரம்மா ஓடிவந்து மதகை மூடினார். “முடிச்சுப் போடக் கூடாது. ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடி, தண்ணீரோடு விட்டுக்கொண்டே இரு” என்றார். உள்ளங்கையில் கயிற்றின் தடம் இன்னும் சிவந்திருக்கிறது.

13 ஜூலை, சனி

கில்ட்ஃபோர்ட். டாப்டியூன் துறையில் ‘ரிலையன்ஸ்’ என்ற பழைய சரக்குப் படகு கரையேறி நிற்கிறது. 1930களின் தொடக்கத்தில் இதே இடத்தில் கட்டியது. பலகையில் கை வைத்துப் பார்த்தேன்.

இந்த ஆறு தானாகப் படகுப் பாதை ஆகவில்லை. சர் ரிச்சர்ட் வெஸ்டன் என்ற நிலக்கிழார் நெதர்லாந்துப் பக்கம் பார்த்த லாக்குகளை இங்கே கொண்டுவந்தார். 1651இல் நாடாளுமன்றச் சட்டம் வாங்கி, வளைவுகளுக்குக் குறுக்கே கால்வாய் வெட்டினார். இடித்த ஓட்லண்ட்ஸ் அரண்மனையின் செங்கல் லாக்குகளுக்குப் போனது. 1653இல் பாதை திறந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தைய வருடமே போய்விட்டார். படித்ததும் மனசு கனத்தது.

கோடால்மிங் வரை நீட்டியது 1764இல். தானியம், மரம், சில்வொர்த் ஆலைகளின் வெடிமருந்து எல்லாம் இதில் போயிருக்கின்றன. ஆற்றைக் கடைசியாகச் சொந்தமாக வைத்திருந்த ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் ஹாரி ஸ்டீவன்ஸ், 1964இல் அதை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்புத் தொண்டு அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அப்படிக் கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! இன்று துடுப்புப் படகு, தூண்டில், கரைநடை என்று ஊரே இங்கே இருக்கிறது.

14 ஜூலை, ஞாயிறு

மிக நல்ல நாள். பேப்பர்கோர்ட் லாக்கின் பக்கத்தில் உபரி நீர் படிப்படியாக விழுகிறது. அந்தச் சத்தத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கயிற்றை இந்த முறை மகள் பிடித்தாள். “அப்பா, விடுறேன் பாருங்க” என்று சொல்லிச் சொல்லி விட்டாள், படகு அசையாமல் இறங்கியது.

அப்புறம் நியூவார்க் மடத்தின் சிதைவு. மன்னர் எட்டாம் ஹென்றி மூடவைத்த கிறிஸ்தவ மடம். வயலுக்கு நடுவே, கூரையில்லாத சுவர்கள். தனியார் நிலம், ஆற்றிலிருந்து பார்ப்பதோடு சரி.

வால்ஷம் கேட்ஸ் என்ற லாக்கில் பக்கச் சுவர் கிடையாது, புல் மூடிய மண்சரிவுதான். தொடக்கத்தில் இப்படித்தான் கட்டினார்களாம். வெள்ளம் இல்லாததால் கதவுகள் திறந்தே கிடந்தன, நேராகப் போய்விட்டோம்.

15 ஜூலை, திங்கள்

தலைக்கு மேலே எம் 25 நெடுஞ்சாலை இரைந்தது. பாலம் தாண்டியதும் மறுபடி அல்லியிலை, நாமக்கோழி. 1960களின் கடைசி வரை தானியப் படகுகள் வந்த காக்ஸஸ் மில் என்ற ஆலை இப்போது அடுக்ககம். மதியம் வேபிரிட்ஜ். தேம்ஸ் அகலமாகத் திறந்துகிடந்தது, ஆனால் எங்களில் யாருக்கும் அதில் போக ஆசை வரவில்லை.

நாளை திரும்புகிறோம். இனி எதிரோட்டம், லாக்குகளில் ஏற வேண்டும். பேப்பர்கோர்ட்டில் முன்கயிறும் தனக்குத்தான் என்று மகள் இப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.