இடக்கை யோயோவைச் சரிசெய்த கதை

டிசம்பர் கடைசியில் என் வலக்கை நிற்காமல் 50 லூப் போட்டது. இடக்கை ஏழைத் தாண்டவில்லை. இரண்டு கை யோயோவும் யோமெகா ரெய்டர் என்ற ஒரே ரகம், ஒரே நாளில் வாங்கியவை. இடக்கைப் பழக்கம் போதவில்லை என்றுதான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லூப் என்பது, முன்னால் வீசிய யோயோ திரும்பி வரும்போது அதைப் பிடிக்காமல், மணிக்கட்டைச் சுழற்றி மறுபடி முன்னால் அனுப்புவது. இரண்டு கையிலும் இதைச் செய்வது போட்டிகளில் 2ஏ பிரிவு. உலகப் போட்டியில் அந்தப் பிரிவைப் பல முறை வென்ற ஜப்பானின் ஷின்ஜி சைட்டோ ஆடும் வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. இந்த வகை ஆட்டத்துக்கு யோயோ நூலின் நுனியில் நின்று சுழன்றால் போதாது. நுனியைத் தொட்ட கணமே திரும்ப வேண்டும். என் இடக்கை யோயோ அரை நொடி தங்கிவிட்டுத் திரும்பியது. அதற்குள் கை முந்திவிடும், நூல் தொய்ந்துவிடும், அடுத்த லூப் முட்டியில் வந்து இடிக்கும்.

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தேங்காய்க் களத்தில்தான் பழகுகிறேன். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று பக்கவாட்டில் அடித்தால் யோயோ சாயும். காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் அந்தத் தொல்லை குறைவு. ஒரு வாரம் காற்றையும் குறை சொல்லிப் பார்த்தேன்.

பொங்கல் லீவில்தான் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: யோயோக்களைக் கை மாற்றிப் போட்டேன். வலக்கையில் வந்ததும் அதே யோயோ அதே போலத் தங்கியது. கோளாறு கையில் இல்லை! அப்புறம் இரண்டையும் திருகிக் கழற்றி, நூல் மாட்டும் நடு அச்சில் உள்ள பேரிங்கை மட்டும் மாற்றி மாட்டினேன். தாமதம் பேரிங்கோடு சேர்ந்து போனது. அந்தப் பேரிங்கை விரல் நுனியில் மாட்டிச் சுண்டினால் விர்ரென்று வெகுநேரம் ஓடியது. மற்றது இரண்டு சுற்றில் அடங்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது. நவம்பரில் தூசி சேர்ந்திருந்ததால் அந்த ஒன்றை மட்டும் தின்னரில் அலசி உலர்த்தியிருந்தேன். பேரிங்கைத் தனியே எடுத்துத்தான் அலச வேண்டும், தின்னர் பட்டால் பிளாஸ்டிக் உடம்பு கெட்டுவிடும். அதைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் பழைய கிரீஸும் அதோடு போய்விட்டது. வண்டிச் சக்கரத்துக்குத்தான் வழுக்கி ஓடும் பேரிங் வேண்டும். லூப்புக்குக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் பேரிங்தான் நல்லது. அந்தப் பிடிப்பைக் கெட்டியான கிரீஸ் தருகிறது. தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், முதல் நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் மறுபடி ஓட்டம். கடைசியில் சைக்கிள் கடையில் வாங்கிய கிரீஸை ஊசி முனையில் தொட்டு, குண்டுகளுக்கு நடுவே இரண்டு இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான் வேண்டும். கூடினால் வெளியே கசிந்து நூலில் ஏறிவிடும். மறுநாள் இடக்கை 19 போட்டது.

நூல் இன்னொரு தனிக்கதை. முதலில் பருத்தி நூல்தான் போட்டேன். ஈரக்காற்று பட்டால் அது ஊறிப் பருக்கிறது. போன ஆனி, ஆடி மழையில் யோயோ பாதி வழியிலேயே திரும்பியது. பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் கேட்டேன். "பருத்தி மழைக்காலத்துக்கு ஆகாது தம்பி, பாலியஸ்டர் எடுத்துக்கோ" என்று ஒரு கண்டு கொடுத்தார். பேரிங் உள்ள யோயோவுக்கு அது சரிதான். அச்சு நிலையாக நிற்கும் பழைய வகை யோயோவில் உராய்வுச் சூட்டில் பாலியஸ்டர் உருகும், அதற்குப் பருத்திதான். எட்டு இழைகளைச் சேர்த்து, நூலின் சொந்த முறுக்குப் போகும் பக்கமே டிரில்லில் மாட்டி முறுக்கி, நடுவில் மடித்து விட்டால் தானாகப் பின்னிக்கொள்கிறது. மடிப்பு விழும் இடம்தான் யோயோவின் அச்சில் மாட்டும் வளையம். பம்பரச் சாட்டை திரித்த காலத்தில் பழகிய கை, அதனால் இது எளிதில் வந்தது. தொப்புள் உயரத்துக்கு இரண்டு விரற்கடை குறைவாக வெட்டுகிறேன். இடக்கை யோயோவின் அச்சில் வளையத்தை இரட்டையாகச் சுற்றியும் பார்த்தேன். கிரீஸ் போட்ட பிறகு அது முரட்டுத்தனமாக இழுத்ததால் ஒற்றைக்கே திரும்பிவிட்டேன்.

லூப் போடப் போட நூலின் முறுக்கு மாறிக்கொண்டே போகும். இரண்டு கையும் கண்ணாடியில் பார்ப்பது போல எதிரெதிராகச் சுழல்வதால், ஒரு கையில் நூல் இறுகினால் மறுகையில் தளரும். இறுகியது சுருண்டு முடிச்சாகும். தளர்ந்ததில் வளையம் அகன்று யோயோ கீழேயே தங்கிவிடும். கிரீஸ் விஷயம் தீர்ந்த பின்னும் 20-ஐ ஒட்டி இடக்கை தடுமாறியதற்கு இதுதான் காரணம். இப்போது 20 லூப்புக்கு ஒரு முறை நிறுத்தி, யோயோவை நூலில் தொங்கவிட்டு, தானாகச் சுழன்று முறுக்கு அடங்கும்வரை காத்திருக்கிறேன்.

போன ஞாயிறு கணக்கு: இடக்கை மட்டும் 34. இரண்டு கையும் சேர்த்து 12. இடக்கை நூல் இரண்டு நாளில் பிசிறு விடுகிறது, வலக்கையில் ஒரு வாரம் வருகிறது. யோயோ கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்தே போகிறது, அதனால் நூல் ஒரு பக்கச் சுவரில் உரசுகிறது. இந்த வாரம் அந்தச் சாய்வைத்தான் பார்க்க வேண்டும். காற்றும் இப்போது அடங்கிவிட்டது.