மேல் நட்டு முதலில்

ஏப்பிரல் வந்தால் எங்கள் கராஜுக்கு வரும் கார்களின் முகம் மாறும். கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், மாரி முழுக்கப் பனி உருகத் தெருவில் போடும் உப்புத் தண்ணீரில் ஓடிக் களைத்த குடும்பக் கார்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. இரண்டு நல்ல மழை பெய்து தெருவில் கிடந்த உப்புக் கழுவுப்பட்ட பிறகு, போர்வைக்குள் தூங்கிய சின்னக் கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். போன வருடம் அப்படி வந்தது 1990ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, கூரை திறக்கும் சின்னக் கார். சிவப்பு நிறம், 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், கண் திறந்து மூடுகிற முன்விளக்குகள். 1989இல் சிக்காகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்களே, அந்த முதல் தலைமுறைக் கார்.

கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். காலையில் இரண்டாம் கியர் விழ மாட்டேன் என்கிறது, தள்ளினால் கறக்கென்று கடிக்கிறது என்றார். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார். கியர் பொக்ஸை இறக்கிப் பிரித்து உள்ளே எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி, விலையையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காரை விற்றுவிடலாமா என்று மனைவி கேட்கிறாவாம்.

எங்கள் கராஜில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணைதான். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்தில் வேலை பழகியவர். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. ஒன்றைக் கழற்றி அது உடைந்தால் மாற்றிப் போடச் சாமான் இல்லை. அதனால் கழற்றுவதற்கு முன் நிறைய நேரம் பார்ப்பார், கேட்பார், மணந்து பார்ப்பார். நான் இங்கே கல்லூரியில் படித்துவிட்டு வந்தவன். அவருடைய அந்தப் பொறுமையைப் படிக்க எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது.

அவர் முதலில் காரை எடுத்துக்கொண்டு ஓட்டப் போனார். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சூடான பிறகு இரண்டாம் கியர் கடிக்காமல் விழுகிறது, கியர்க் கட்டை மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறது என்றார். "பொக்ஸ் சாகேல்லை தம்பி. ஒயிலைப் பாப்பம்."

கார் ஹொயிஸ்றில், அதாவது காரைத் தூக்கும் மேடையில், ஏறியது. இந்தப் பொக்ஸில் பக்கவாட்டில் ஒயில் ஊற்றும் நட்டு, அடியில் வடிக்கும் நட்டு. எதை முதலில் கழற்றுவது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் வேறொரு காரில் கீழ் நட்டைக் கழற்றி ஒயில் முழுவதையும் வடித்துவிட்டேன். பிறகு மேல் நட்டுத் துருப்பிடித்து அசையவே இல்லை. ஊற்ற வழியில்லாத வெறும் பொக்ஸோடு அந்தக் கார் இரண்டு நாள் ஹொயிஸ்றில் தொங்கியது. வேலைக்குப் போக வேறு வழியில்லாத ஒரு பெண்ணின் கார் அது. அண்ணை அன்று ஏசவில்லை. "மேல் நட்டு அசையாட்டிக் கீழ் நட்டிலை கை வைக்காதை" என்று மட்டும் சொன்னார்.

மியாட்டாவின் மேல் நட்டும் இறுகிப்போய்த்தான் இருந்தது. பொக்ஸின் உடம்பு அலுமினியம், நட்டு இரும்பு. முரட்டுத்தனமாகத் திருகினால் புரி போய்விடும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து, சாப்பிட்டுவிட்டு வந்து, மறுபடி அடித்து, நீளப் பிடியை மெதுவாக அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் கீழ் நட்டு. இதற்குள் பொக்ஸ் பாதி ஆறியிருந்தது. ஒயில் கயிறுபோலத் தடித்து, கறுப்பாக இறங்கியது. இரண்டு லீற்றர் இருக்க வேண்டிய பொக்ஸ். அளவுச் சாடியில் விழுந்தது ஒன்றரைக்கும் குறைவு. அண்ணை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கந்தக நெடி கடுமையாக இருந்தது. பின் அச்சுக்கு ஊற்றும் ஒயிலை யாரோ இதற்கும் ஊற்றியிருக்கலாம் என்றார்.

இது ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். கியர் மாற்றும்போது ஒரு பித்தளை வளையம் அடுத்த கியரின் கூம்பைப் பிடித்து உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அந்த ஒரு கணத்தில் வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவில் உள்ள ஒயில் விலகிக்கொடுக்க வேண்டும். தடித்த ஒயில் குளிரில் விலகாது. அளவுக்கு மேல் வழுக்கும் ஒயிலில் வளையம் பிடிக்காது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: வேகம் ஒன்றாகும் முன் பற்கள் மோதிக் கறக்கென்கும். பின் அச்சுப் பற்களுக்கு ஜிஎல்-5 என்ற தரம் வேண்டும், அதில் கந்தக, பொஸ்பரஸ் சேர்க்கை அதிகம். மஸ்டாவின் கையேடு இந்தப் பொக்ஸுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் பித்தளை வளையம் உள்ள பழைய பொக்ஸுக்கு அந்தச் சேர்க்கை குறைந்த ஜிஎல்-4 தான் நான் ஊற்றுவேன், தடிப்பு 75டபிள்யூ-90.

கீழ் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து விரல்களுக்கிடையே தேய்த்தோம். மாவுபோல இருந்தது, நெருடவில்லை. பல் உடைந்திருந்தால் துண்டுகள் கையில் குத்தும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதை ஒயிலுக்குள்தான் தேட வேண்டும். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது சாடியின் விளிம்பில் பொன்தூள் மாதிரிச் சில மினுங்கின. வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் முடியவில்லை.

கியர்க் கட்டை ஏன் சுட்டது என்பதும் அன்றே தெரிந்தது. கட்டையின் அடியில் பொக்ஸோடு சேராத ஒரு சின்னக் குழி உண்டு, அதற்குத் தனி ஒயில். கட்டையைச் சுற்றியுள்ள றப்பர் உறைகள் கிழிந்து, கீழிருந்து வெக்கை நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. குழியும் வறண்டு கிடந்தது. பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை, அது எனக்குக் கவலையான விசயம். புது உறைகள் போட்டு, எண்பது மில்லிலீற்றர் போல ஊற்றினேன். பிறகு கீழ் நட்டை இறுக்கி, காரை மட்டமாக வைத்து, கைப்பம்பால் மேல் துளை வழியே புது ஒயிலை ஏற்றினேன். துளையின் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு இழை வழிந்தபோது நிறுத்தினேன்.

காரை இரவு வெளியே விட்டுவைத்தோம். காலையில் நாலு பாகை. முதல் தடவை இரண்டாம் கியர் தயங்கித்தான் விழுந்தது, ஆனால் கடிக்கவில்லை. மூன்றாவது சிக்னலில் இரண்டு விரலால் தள்ளினேன், போனது. பெரியவருக்கு அழைத்து, காலையில் முதல் ஐந்து நிமிடம் அவசரப்படுத்தாதீர்கள் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மனைவியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

பழைய ஒயிலில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து, திகதி எழுதி, என் கருவிப் பெட்டிக்கு மேலே வைத்தேன். சில நாளில் அடியில் மெல்லிய பொன் கோடு ஒன்று படிந்தது. இந்த ஏப்பிரலில் அவர் காரோடு வந்தபோது புது ஒயிலில் கொஞ்சம் வடித்து, இன்னொரு போத்தலில் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இதன் அடியில் இன்னும் ஒன்றும் படியவில்லை.