வோகோ தேவாலயத்தின் பெயர் திரும்ப வந்த கதை

நார்வேயில் நடுக்காலத்து மரத்தூண் தேவாலயங்கள் இன்று 28தான் மிச்சம் இருக்கின்றன. இங்கே குடிவந்த நாளிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் அவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஒரு சின்ன தளத்தில் எழுதிச் சேர்த்து வருகிறேன். பக்கத்துக்கு ஒரு படம், நார்வேஜிய மொழியில் ஒரு குறிப்பு, அதற்குக் கீழே பிள்ளைகளுக்காகத் தமிழில் நாலு வரி. போன மாதம் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினேன். மாற்றிய அன்று இரவே பெயர்கள் எல்லாம் சிதைந்து கிடந்தன.

நார்வேஜிய அகரவரிசையில் 29 எழுத்துகள். நம்மைப் படுத்துவது கடைசி மூன்று: ஆங்கில ஏ-யும் ஈ-யும் ஒட்டிய எழுத்து, குறுக்கே கோடு கிழித்த ஓ, தலையில் வளையம் வைத்த ஏ. வளைய ஏ-யின் ஒலி கிட்டத்தட்ட நம் ஓ. வோகோ என்ற ஊர்ப்பெயரில் நாலே எழுத்து, அதில் இரண்டு வளைய ஏ. என் பக்கத்தில் அது ஆறு எழுத்தாகத் தெரிந்தது. வளைய ஏ இருக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும், மேலே அலைக்கோடு போட்ட பெரிய ஏ ஒன்றும் ஜப்பானிய யென் குறி ஒன்றும்.

அந்த யென் குறிதான் துப்பு. கணினி ஒவ்வொரு எழுத்தையும் பைட் எனும் எண்களாகச் சேமிக்கிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 முறையில் வளைய ஏ இரண்டு பைட்: 195, 165. ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று வைத்திருக்கும் பழைய லத்தீன்-1 அட்டவணையில் 195 என்றால் அலைக்கோட்டு ஏ, 165 என்றால் யென். அதாவது எழுதியது யூடிஎஃப்-8 ஆக, படித்தது லத்தீன்-1 ஆக. கோட்டு ஓ 195, 184. ஒட்டெழுத்து 195, 166. மூன்றுமே 195இல் தொடங்குவதால்தான் இந்தச் சிதைவில் அலைக்கோட்டு ஏ திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ் வரிகளும் தப்பவில்லை. தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி என்று தலைக்கு மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224, அடுத்தது 174 அல்லது 175. அதனால் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறி பக்கம் முழுக்க மழையாகக் கொட்டியிருந்தது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கோப்பைத் திறந்து திகைத்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும்.

பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று சரியாகத்தான் போட்டிருந்தேன். சர்வர் அனுப்பும் தலைப்பில் வேறு குறியாக்கம் இருந்தால் அதுதான் செல்லும் என்பதால் அதையும் பார்த்தேன். அதுவும் சரி. ஆக, கோளாறு தரவுத்தளத்தில்.

அங்கே உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. பல வருடங்களுக்கு முன் குறிப்புகளுக்கான அட்டவணையை உருவாக்கியபோது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் அதன் குறியாக்கத்தை லத்தீன்-1 என்று வைத்துக்கொண்டது. தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பும் லத்தீன்-1. நான் அனுப்பியதோ யூடிஎஃப்-8 பைட்டுகள். போகும்போது ஒரு தவறு, வரும்போது அதே தவறு. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இத்தனை காலம் திரையில் சரியாகத் தெரிந்தது. புது சர்வரில் இணைப்பு மட்டும் யூடிஎஃப்8எம்பி4, அதாவது மைஎஸ்க்யூஎல்லின் முழு யூடிஎஃப்-8 ஆனது, குட்டு வெளிப்பட்டது.

சரி, அட்டவணையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றிவிடலாம் என்று கட்டளை கொடுத்தேன். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. பைட்டுகளை எடுத்துப் பார்த்தால், இரண்டாக இருந்த வளைய ஏ இப்போது நான்கு: 195, 131, 194, 165. அலைக்கோட்டு ஏ-யும் யென்னும்தான் உண்மையான எழுத்துகள் என்று நம்பி, அவற்றை மறுபடி குறியாக்கம் செய்திருக்கிறது. கையில் நகல் இருந்ததால் பிழைத்தேன். நகல் எடுக்காமல் இந்தக் கட்டளையைத் தொடவே கூடாது.

நகலிலிருந்து மீட்டு, இந்த முறை ஒரு சுற்றுவழி. முதலில் அட்டவணையின் நெடுவரிசையை வெறும் பைட்டுகளை வைக்கும் பைனரி வகைக்கு, அதாவது பிளாப் ஆக மாற்றுவது. அப்போது மைஎஸ்க்யூஎல் இதை எழுத்து என்றே நினைக்காது, பைட்டைத் தொடாது. அப்புறம் பிளாப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 எழுத்து வகைக்கு. பைட் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் மாறுகிறது. பக்கத்தைப் புதுப்பித்தேன். வோகோ நாலெழுத்தாக நின்றது. ரோல்டால் என்ற இன்னொரு தேவாலயத்தின் பெயரில் கோட்டு ஓ வந்துவிட்டது. இந்தத் தேவாலயங்களின் மரத்தில் பூசும் தாருக்கு நார்வேஜியச் சொல்லில் ஒட்டெழுத்து உண்டு, அதுவும் வந்தது.

இதற்கு முன்னால், எல்லாவற்றையும் கோப்பாக இறக்கி ஒரு ஸ்கிரிப்டால் திருத்திப் பார்த்தேன். நார்வேஜியம் சுலபமாகத் திரும்பியது, தமிழ் நடுவில் நின்றது. நின்ற இடம் புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு பைட்டுகள் 224, 175, 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் 141 காலியிடம், அங்கே எழுத்தே கிடையாது. கண்டிப்பான மாற்றி அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. மைஎஸ்க்யூஎல் லத்தீன்-1 என்று சொல்வது உண்மையில் 1252தான் என்றாலும், காலியிடங்களை அது அப்படியே கடத்திவிடும். அதனால்தான் என் புள்ளிகள் உள்ளே பத்திரமாக இருந்தன. புள்ளிகள் போயிருந்தால் தமிழைப் படிப்பது பெரும்பாடு. அதைக் கண்டபோது பெருமூச்சே வந்தது.

பக்கத்தின் அடிப்பகுதி வார்ப்புரு மட்டும் இன்னும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி காட்டியது. இது தலைகீழ்க் கோளாறு: கோப்பு லத்தீன்-1, படிப்பவர் யூடிஎஃப்-8. லத்தீன்-1இல் வளைய ஏ-யைக் குறிக்கும் 229 என்ற ஒற்றை பைட் யூடிஎஃப்-8இல் தனியாக நிற்க முடியாது. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தேன், முடிந்தது.

படங்களில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. ரோல்டால் படம் வருகிறது, வோகோ படம் வரவில்லை. இரண்டு கோப்புப் பெயரிலும் நார்வேஜிய எழுத்து இருக்கிறது. ஏன் ஒன்று மட்டும்? படங்கள் என் பழைய மேக் கணினியிலிருந்து வந்தவை. அதன் கோப்பமைப்பு வளைய ஏ-யை வெறும் ஏ, தனி வளையம் என்று பிரித்துச் சேமிக்கும். வளையத்தின் பைட்டுகள் 204, 138. நம் ‘கொ’வை ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து வைப்பது போல. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. கோட்டு ஓ-வை யூனிகோடு அப்படிப் பிரிப்பதில்லை, அதனால் ரோல்டால் தப்பியது. கோப்புப் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும் வோகோவின் படமும் ஏறியது.

அப்புறம் வரிசை. ஓயே தேவாலயம் கோட்டு ஓ-வில் தொடங்குவது. என் பட்டியலில் கடைசியாக வர வேண்டும். அது நூரே-க்கும் ரைன்லி-க்கும் நடுவில், சாதா ஓ-வின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. வரிசைமுறையை டேனிஷ் என்று மாற்றினேன். இரு மொழிக்கும் அகரவரிசை ஒன்றே. ஓயே இப்போது அடியில். 1935இல் வேறொரு தேவாலயத்தின் தரைக்கடியிலிருந்து அதன் பாகங்களைக் கண்டெடுத்துத்தான் மறுபடி கட்டினார்கள். அதன் இடம் தவறக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

மீளாதவை சில குறிப்புகள். எப்போதோ ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கான பழைய முறை மட்டும் தெரிந்த ஒரு கருவி வழியாக அவை போயிருக்கின்றன. பைட்டில் பார்த்தால் 63, வெறும் கேள்விக்குறி. உள்ளே ஒளிந்த எழுத்து எதுவும் இல்லை. அவற்றைக் கையால்தான் தட்டுகிறேன், பெரும்பாலும் சூழலை வைத்தே ஊகித்துவிடலாம். ஒரு கதவைப் பற்றிய வரியில் மட்டும் தடுமாறினேன். எல்-லுக்கும் எஸ்-ஸுக்கும் நடுவே கேள்விக்குறி. வளைய ஏ போட்டால் பூட்டு, கோட்டு ஓ போட்டால் கழன்றது. அந்த வாக்கியத்தில் இரண்டும் பொருந்தின. அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பயணத்து நோட்டை இறக்கித் தேடினேன். பென்சிலில், வளையம் தெளிவாக இருந்தது. பூட்டு.