எம்.பி.எச். ஆய்வேடு: 30 கொத்து, 7 குழந்தை

எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுகலைப் படிப்பில் பலரைத் திணறடிப்பது ஆய்வேடு. அதிலும் மாதிரி எடுப்பது, அதாவது எல்லோரையும் பார்க்காமல் சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பது. தடுப்பூசி எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட, உலக சுகாதார நிறுவனத்தின் பழைய 30×7 முறை நல்ல தொடக்கம். 12 முதல் 23 மாதக் குழந்தைகள், 30 கொத்துகள் (கொத்து என்பது ஓர் ஊர் அல்லது ஊரின் ஒரு பகுதி), கொத்துக்கு 7 பேர்.

ஏன் 7? பாதிப் பேருக்கு ஊசி போட்டிருக்கும் என்று வைத்து, 95 சதவீத நம்பகத்தில் கூடவோ குறையவோ 10 சதவீதப் புள்ளி பிழையை அனுமதித்தால் 96 பேர் வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் இரட்டிப்பாக்கினால் 192. அதை 30ஆல் வகுத்தால் 6.4. மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 7.

ஊர்களின் மக்கள்தொகையைக் கூட்டிக்கொண்டே பட்டியலிடுங்கள். மொத்தம் 60,000 என்றால், 30ஆல் வகுக்க இடைவெளி 2,000. அதற்குள் குலுக்கலில் ஓர் எண் எடுத்து, 2,000 கூட்டிக்கொண்டே போனால், அந்த எண்கள் விழும் ஊர்களே கொத்துகள்.

கெட்டுப்போவது ஒவ்வொரு கொத்திலும் தொடங்கும் முதல் வீட்டில்தான். கிராம செவிலியர் அழைத்துப்போவது அவருக்குப் பழகிய வீடு. அங்கே ஊசி தவறியிருக்காது. முதல் வீட்டையும் குலுக்கலில் எடுங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டால் கூலிவேலைக்குப் போகும் தாய்மார் கணக்கிலேயே வரமாட்டார்கள், பாவம். மாலையில் மறுபடி போங்கள். தடுப்பூசி அட்டையில் பார்த்ததையும் தாய் சொன்னதையும் தனித்தனியே குறியுங்கள். பின்னால் பிரிக்க முடியாது.